பூட்டிய கட்டம்

"படிவம் நிரப்பித் தரலைன்னா ஆபீஸ்ல யார் கம்ப்யூட்டரையும் தொடவே மாட்டேன்!" என்று பீற்றிக்கொண்டே, உதவி கோரும் படிவம் தயாரிக்க மனைவிக்குக் கற்றுக்கொடுத்தான் கணவன்.

"டெம்ப்ளேட்டா சேமிச்சுட்டா எத்தனை தடவை வேணும்னாலும் புதுசா நிரப்பலாம். மாத்தக் கூடாத கட்டத்தைப் பூட்டிடு."

"பூட்டிட்டேங்க."

"எப்போ வேணும்ங்கிற இடத்துல ஏன் 'உடனே' மட்டும் இருக்கு?"

"எங்க இடத்துல எல்லா வேலைக்கும் ஒரே ஆள்தாங்க. அது போதும்."

"ஐயோ பாவம், தொலைஞ்சான் அந்த ஆள்!" விழுந்து விழுந்து சிரித்தான்.

அவளும் சிரித்தபடியே முதல் படிவத்தை நிரப்பி, பிரிண்ட் எடுத்து நீட்டினாள்.

'பிரச்சினை: சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. சரிசெய்பவர்: கணவர்.'

"அடிப்பாவி! ஆளை மாத்து!"

"முடியாதுங்க. அந்தக் கட்டத்தைத்தானே பூட்டினேன்!"