நர்ஸம்மா பிடித்த நாடி

"குழந்தைய யாரும்மா பாத்துக்குவாங்க?" என்று வாசலை மறித்துக்கொண்டு மகன் கத்துகிறான். "பெத்தவங்க நீங்க பாருங்க. ரெண்டு வருஷம் நான் பாத்தாச்சு" என்று நர்ஸம்மாவும் குரலை உயர்த்துகிறாள். பிரசவ வார்டில் ஆள் இல்லையென்று, ஓய்வு பெற்றவளை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள். தெருமுனையில் ஆஸ்பத்திரி வேன் ஹாரன் அடிக்கிறது. எதிர்வீட்டு மாடியில் நான் ஒரே துண்டை மூன்றாவது முறையாக உதறிக் காயப்போடுகிறேன். அவளுடைய புது வெள்ளைச் செருப்பில் காலை வெயில் பளீரென்று விழுகிறது. நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்னக் கடிகாரம் மூச்சுக்கு மூச்சு துள்ளுகிறது. இடுப்பில் பேரன், அவன் வாயில் அவளுடைய பெயர் அட்டை. "இந்த வயசுல உனக்கு எதுக்கு வேலை? பாக்கறவங்க என்னைத்தானே காறித் துப்புவாங்க?" என்று மகன் கையை நீட்டி ஆட்டுகிறான். நீட்டிய கையை அவள் பற்றி, மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து, குனிந்து கடிகாரத்தைப் பார்க்கிறாள். பழக்கதோஷம். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணிவிட்டுத்தான் நிமிர்கிறாள். "நூத்திப்பத்து. தண்ணி குடிச்சிட்டு உக்காருப்பா." பேரனை அவன் தோளில் சாய்த்து, அட்டையை உருவித் துடைத்துக்கொண்டு, வேனை நோக்கி ஏறக்குறைய ஓடுகிறாள். அடுத்த மாதமே மகன் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குக் குடிபோனான். அந்த மாமியாரும் இப்போது வேலை தேடுகிறாளாம்.