தலைமைக் கை

மதிவதனி அடுக்குமாடிக் கட்டடங்களில் உள்ளங்கையை வைத்தால் திறக்கும் பூட்டுகளுக்குத் திட்டம் போடுபவள். எந்தக் கை எந்தக் கதவைத் திறக்கலாம் என்று வகுப்பதுதான் அவள் வேலை. கோயம்புத்தூரில் அவள் குடியிருந்த கட்டடத்துக்கும் அவளே வகுத்துக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலைமைக் கை உண்டு. மற்றவர்களின் கைக்கு அதன் அனுமதியில்தான் கதவு திறக்கும். அவள் வீட்டில் அது கணவன் நடேசனின் கை.

நடேசனை மின்மயானத்தில் தகனம் செய்துவிட்டுத் திரும்பியதும், அவள் கதவில் உள்ளங்கையை வைத்தாள். திறக்கவில்லை.

“கையில ஈரமுங்களா அண்ணி?” என்றான் கொழுந்தன் கதிர்வேல்.

சேலையில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். அப்போதும் திறக்கவில்லை.

“ஏனுங்க, நீங்க வச்சுப் பாருங்க” என்றாள் அவன் மனைவி சுகுணா.

கதிர்வேல் கை வைத்ததும் கதவு திறந்துகொண்டது.

மதிவதனிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளையில்லாத வீட்டில் தலைமைக் கைக்காரரின் இறப்பு மயானத்தில் பதிவானதுமே, அவருடைய ரத்த உறவுக்கே அந்த உரிமை போகவேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் கேட்டிருந்தது. அவளும் மறுபேச்சில்லாமல் அப்படியே செய்து கொடுத்திருந்தாள்.

“இதென்ன அண்ணி, என் கைக்குத் திறக்குது?” கதிர்வேல் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான்.

கதவு அவனிடம் மரியாதையாகக் கேட்டது: “உடன் வந்திருக்கும் மதிவதனியை எத்தனை நாள் தங்க அனுமதிக்கிறீர்கள்?”

பதில் சொல்ல வாயெடுத்த கதிர்வேல், திரும்பிச் சுகுணாவின் முகத்தைப் பார்த்தான். அவள் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.