ஜானவி ஆன்லைனில் இருக்கிறாள்

‘சாப்பிட்டாச்சா?’ என்று ஜானவியிடம் கேட்டார் என் வீட்டுக்காரர்.

என்னிடம் அவர் கேட்பதெல்லாம் ‘சோறு ஆச்சா?’ மட்டும்தான்.

என் மானிட்டரின் நடுவில் ஒரு ஃபோனின் படம் நின்றது. இலவச எமுலேட்டர். ஃபோனில் ஓடும் ஆப் எல்லாம் கம்ப்யூட்டரிலேயே ஓடும். அதில் லூடோ, ஓரத்தில் சாட்.

ஜானவியை உண்டாக்கியதே நான்தான். ஆரியசாலை மிளகுக்கடையிலிருந்து வந்ததும், பக்கத்து அறைக் கட்டிலில் படுத்து லூடோவில் யாரோடோ சிரித்துக்கொண்டிருப்பார் பிரவின்ராஜ். எனக்கு வயிறு எரிந்தது. சோதித்துப் பார்க்கலாமென்று ஜானவி என்ற பொய்ப் பேரில் வஞ்சியூர்க்காரி ஒருத்தியை லூடோவுக்குள் அனுப்பினேன்.

நான் கையில் ஃபோனோடு இருந்தால் சந்தேகப்படுவார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்தால் வழக்கமான டைப்பிங் வேலை என்று விட்டுவிடுவார். இந்தச் சுஜாவுக்கா புத்தி இல்லை!

நான் அனுப்பியவள்தான். ஆனாலும் அவளை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. போன வாரம் எனக்கு மண்டை பிளந்தது. ‘தலைவலி’ என்று ஜானவியாக எழுதினேன். உருகிப் போய்விட்டார் மனுஷன். சுக்கு அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார். இரண்டு தடவை விசாரித்தார்.

மறுநாள் கடையிலிருந்து ஒரு பொட்டலம் சுக்கு வந்தது. கடையில் மிஞ்சியதாம். அவள் நினைப்பில் எடுத்திருப்பார். பிரிக்காமலே அலமாரியில் எறிந்தேன்.

இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டும்.

‘ஞாயிற்றுக்கிழமை சங்குமுகம் பீச்சுக்கு வர்றீங்களா? நாம ரெண்டு பேர் மட்டும்.’

நான் அடித்த அடியில் பழைய கீபோர்டு கடகடத்தது.

வருகிறேன் என்று சொன்னால், திங்கட்கிழமை நான் நாகர்கோவில் பஸ் ஏறிவிடுவேன். அம்மா வீட்டுக்கு. திரும்பி வர மாட்டேன்.

பக்கத்து அறையில் கட்டில் முனகியது.

‘வாறேன்.’

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. விரல்கள் கீபோர்டு மேலேயே நின்றுவிட்டன. வீடே அமைதியாகிவிட்டது.

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது.

“ஏட்டி சுஜா, ஜானவி தட்டுத சத்தம் நின்னு போச்சே! பீச்சுக்கு எத்தன மணிக்குன்னு சொல்லலியே?”

நான் எழுந்துபோய், அலமாரியில் கிடந்த சுக்குப் பொட்டலத்தைப் பிரித்தேன்.