பூஜ்ஜியம் காட்டிய புதிய பதிப்பு

வயதானவர்களின் இதயத்துடிப்பைச் சொந்தங்களின் போனில் காட்டும் அந்த இலவச மென்பொருளைப் பிலோமினாதான் பராமரித்தாள். பழைய நிரலை ஒழுங்குபடுத்தும்போது, எதற்கென்றே புரியாத ஒரு வரியைக் குப்பையென்று தூக்கிவிட்டுப் புதிய பதிப்பை வெளியிட்டாள். அடுத்த நொடியே, கணவர் சூசையின் துடிப்பு பூஜ்ஜியம் என்றது திரை.

மொட்டைமாடிக்கு ஓடினாள். சூசை துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பிலோ, இப்படி இரைக்குது?"

அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. "உங்களுக்கு ஒண்ணுமில்லங்க. தப்பு என் புரோகிராம்லதான்."

அந்த வரியைத் திரும்பச் சேர்க்க உட்கார்ந்தபோது முதல் புகார் வந்திருந்தது.

"பூஜ்ஜியத்தைப் பார்த்துப் பதறி அப்பா வீட்டுக்கு ஓடி வந்தேன். நல்லாத்தான் இருக்கார். சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு பிடிச்சு உட்கார வச்சிருக்கார். மெதுவா சரிபண்ணுங்க, அவசரமில்ல."