பழைய சரவிளக்கு

“என்ன மாப்பிள்ளை, காயலான் கடைச் சரக்கா?” உள்ளே வந்த மாமியார் ஹால் சரவிளக்கை அண்ணாந்து பார்த்தாள்.

“ஆமா அத்தை. தேய்ச்சு, புது ஒயர் போட்டேன். உடைஞ்ச மணியெல்லாம் உங்க மக மாத்திக் கோத்தா.”

“அழகாத்தான் இருக்கு. ஆனா காலிங் பெல் சத்தமே வரல. ஜன்னல்ல பார்த்தா, இந்த விளக்கு வேற அணைஞ்சு அணைஞ்சு எரியுது. மிச்சம் பிடிக்கிறேன்னு வீட்டைக் கொளுத்திடாதீங்க.”

“பெல் சுவிட்சை விளக்கோட சேர்த்துட்டேன்.”

“ஏன், கிறுக்கா பிடிச்சிருக்கு?”

“உங்களுக்குக் கதவைத் திறந்தது யாரு அத்தை?”

மாமியார் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறவியிலேயே காது கேளாத மகள், யாரும் தொட்டுச் சொல்லாமல் தானாக வந்து கதவைத் திறந்தது இதுதான் முதல் தடவை.

மருமகனின் கையைப் பிடித்து அழுத்தியவள், வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் பெல்லை அழுத்தினாள்.

அடுப்படியிலிருந்து மகள் ஓடிவந்தாள்.