அழிக்கும் விசை

“என்னங்க, மொத்தத்தையும் அழிக்க ஒரே ஒரு விசை வேணும். வச்சுத் தர முடியுமா?”

லேப்டாப்பைக் கணவன் பக்கம் நகர்த்தினாள் பல் டாக்டர். பகலெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்ப்பவள், சாயங்காலம் கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்து நாவல் எழுதுவாள். கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் ஓடும் எடிட்டர். மவுஸுக்கு அதில் வேலையே இல்லை. புரோகிராமரான அவன்தான் போட்டுக் கொடுத்திருந்தான்.

“சேமிக்க, தேட எல்லாத்தையும் உன் விரலுக்குத் தோதா மாத்திக் கொடுத்தாச்சே. இது எதுக்கு?”

“பிடிக்கலைன்னா ஒரே தட்டு. சுத்தமா போயிடணும்.”

செட்டிங்ஸ் ஃபைலைத் திறந்து, எஃப்-12 விசையைத் தட்டினால் பக்கம் காலியாகும்படி எழுதினான். மனசு கேட்கவில்லை. சத்தமில்லாமல் இன்னொரு வரியும் சேர்த்தான்: அழியும் முன் ஒரு நகல் அவன் போனுக்கு வந்துவிடும்.

அவன் பயந்தபடியேதான் ஆயிற்று. ஒரு அத்தியாயம் முடித்த கையோடு, “தேறாது” என்று உதட்டைப் பிதுக்குவாள். தட்டிவிட்டு எழுந்து போவாள்.

நகல் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் முதலில் திறந்தான். அப்புறம் தினமும் ஆபீஸ் போகும் ரயிலில் அதே வேலையாயிற்று. கதையில் வரும் படகுக்காரி கரை சேர்ந்தாளா என்று தெரியாமல், ஒருநாள் இறங்க வேண்டிய ஸ்டேஷனையே கோட்டைவிட்டான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எப்படித்தான் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறாளோ!

இருபத்து மூன்று அத்தியாயங்கள் வந்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பை மூடி வைத்தாள்.

“போதும். இனிமே எழுத ஒண்ணுமில்ல.”

அவனுக்குப் பகீரென்றது. உள்ளே ஓடி, அச்சடித்து வைத்திருந்த தாள்கட்டை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தான்.

“கோவிச்சுக்காதம்மா. நீ அழிச்சது ஒரு எழுத்துகூடப் போகல. உன்னைக் கேட்காம ஒரு வரி சேர்த்துட்டேன். அத்தனையும் படிச்சேன். இதை மட்டும் பாதியில விட்டுடாதே.”

“பாதி இல்லைங்க, முடிஞ்சிடுச்சு. என்கிட்ட இருந்த நகல் நேத்தே பதிப்பகத்துக்குப் போயாச்சு.”

“உன்கிட்டயும் நகலா?”

“நீங்க சேர்த்த வரியை அன்னிக்கே பார்த்துட்டேன்” என்று சிரித்தாள் அவள். “வேற என்ன செய்யறது? படிச்சுப் பாருங்கன்னு நீட்டினப்பல்லாம் அப்புறம் அப்புறம்னீங்க, அழிச்சாத்தானே படிக்கிறீங்க!”