முந்திக்கொண்ட ஆமென்

"ஆமென்" என்று சொல்லிவிட்டுப் பட்டாணி கண்ணைத் திறந்தாள்.

சபை மண்டபத்தில் மற்ற எல்லோருடைய கண்களும் இன்னும் மூடியே இருந்தன. ஜெபத்தில் ஒரு வரி பாக்கி இருந்தது.

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அப்பாவுக்குக் குப்பென்று வியர்த்தது. லிஃப்ட் மெக்கானிக் அவன். மேல்மாடிக்கு ஒரு மாடி முன்னாலேயே நின்றுவிடுகிற லிஃப்டுகளோடுதான் பிழைப்பு. ஆனால் அங்கே கையில் ஸ்பேனர் இருக்கும்.

ஞாயிறு பள்ளி ஆண்டு விழா. பரமண்டல ஜெபத்தைத் தனியாகச் சொல்ல, தெரிந்த ஜெபம்தானே என்று ஒத்திகைகூடப் பார்க்காமல், ஏழு வயதுப் பட்டாணியை மேடையில் ஏற்றியது அவள் அத்தை. அவனுடைய அக்கா. ஞாயிறு பள்ளிக்கே பெரிய டீச்சர்.

ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. மறந்துவிட்டாளோ என்று சிலர் உச்சுக்கொட்டினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆர்.சி. என்கிற கத்தோலிக்க வீடுகளில் இதே ஜெபம் இந்த இடத்தோடு முடிந்துவிடும். இந்தச் சபையில் இன்னும் ஒரு வரி உண்டு.

அக்காவின் முகம் சிவந்ததை அவன் அங்கிருந்தே பார்த்தான்.

அவள் முன்பே சொல்லியிருந்தாள். அம்மா இல்லாத பிள்ளை, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து நீ வேலை முடிந்து வரும்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன், அதனால் நான் சொல்வதுதான் சட்டம். ஆர்.சி. வாசனை துளி அடித்தாலும் சனிக்கிழமை கிடையாது.

சனிக்கிழமை என்றால் பட்டாணிக்குச் சித்தி வீடு, அம்மாவின் தங்கை வீடு. சித்தி ஆர்.சி. கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறவள். சித்தி சிரித்தால் அச்சு அசல் பட்டாணியின் அம்மா சிரிக்கிற மாதிரியே இருக்கும். பிள்ளை அதற்காகத்தான் போகிறாள் என்பது அவனுக்குத் தெரியும். கொண்டுபோய் விடும் சாக்கில் அவனும் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவான்.

இதே மண்டபத்தில்தான் அவனும் படித்தான். துணிப் பலகையில் டீச்சர் பேழையை ஒட்டுவார், மிருகங்களை ஜோடி ஜோடியாக ஒட்டுவார். யானை மட்டும் ஒட்டாமல் கீழே விழும். வாரம் ஒரு மனப்பாட வசனம், தப்பில்லாமல் சொன்னால் ஒரு வண்ண அட்டை. பிஸ்கட் டின் நிறைய அட்டை வைத்திருந்தான்.

அவன் மனைவி தன் கோயிலில் படித்தது கேள்வி பதில். சிஸ்டர் கேட்க, வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் ராகம் போட்டுப் பதில் சொல்லுமாம். கல்யாணமான புதிதில், உப்பு எங்கே என்று அவன் கேட்டால், "உப்பானது அலமாரியில் எழுந்தருளியிருக்கிறது" என்று அதே ராகத்தில் சொல்வாள். அவன் ஜெபம் என்பான், அவள் செபம் என்பாள். இந்த ஒரு எழுத்துக்காகக் கடைசிவரை சண்டை. அவனும் அந்தப் பக்கம் போகவில்லை, அவளும் இந்தப் பக்கம் வரவில்லை. எவ்வளவு நல்ல சண்டை அது.

காலையில் அவன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று இரண்டு பேரும் சேர்ந்து இந்த ஜெபத்தைச் சொல்வார்கள். தோளில் டூல்ஸ் பை தொங்கும். அவளுக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். கண்ணைத் திறந்து, அவன் மீதி வரியைத் தனியாகச் சொல்வதை வேடிக்கை பார்ப்பாள். மூடிய கண்ணுக்குள்ளேயே அது தெரிந்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அக்கா விறுவிறுவென்று மேடையேறினாள். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் மண்டபத்துக்கே கேட்டது.

"உங்க சித்தி சொல்லிக் குடுத்ததுதானே இது?"

பட்டாணி திருதிருவென்று முழித்தாள்.

அவன் எழுந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

"சித்தி இல்லக்கா. நான்தான்."

எல்லாத் தலையும் திரும்பியது. அந்தக் காலத்தில் வசனம் சொல்வதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவனா இப்படி? சித்தி மேல் போடுவதற்கு இனிமேல் ஒன்றுமில்லை. சனிக்கிழமை பிழைத்தது. அது போதும் என்று அவன் உட்காரப் போனான்.

விடுவாளா அக்கா? சொல்லிக் கொடுத்தவனே முடித்துவை, மீதி வரியை அங்கிருந்தே சொல்லு, பிள்ளை கேட்டுக்கொள்ளட்டும் என்றாள்.

வாயைத் திறந்தான். தெரியாத வரியா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் ஒரு எழுத்து வரவில்லை.

மேடையில் பட்டாணி கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தபடி நின்றாள். அவள் அம்மா வாசலில் நின்ற அதே நிற்பு.

மனைவி போன பிறகு, தினமும் காலையில் மகளுக்குப் பையை மாட்டிவிட்டு அதே வாசலில் அந்த ஜெபத்தைச் சொல்கிறான். மனைவி நிறுத்துகிற இடத்தில் அவனும் நிறுத்திவிடுவான். ஒரு நாளும் தாண்டியதில்லை. பட்டாணி வீட்டில் சொல்லிப் பழகிய ஜெபமே அவ்வளவுதான்.

எப்படித் தாண்டுவது? அந்த நாட்களில் அவன் அந்தக் கடைசி வரிக்கு வரும்போதுதான் மனைவி கிண்டலாகச் சொல்வாள், தினமும், சிரித்துக்கொண்டே:

"நான் போய்ச் சேர்ந்துட்டேன். நீங்க நிதானமா வாங்க."